கடைமடைக் கிரகம்

6 மில்லிமீட்டர் மனிதனுக்கு முகம் கிடையாது. தலை என்று ஒன்று இருக்கும், கடுகில் பாதி. அதில் கண் வரைகிறேன், மீசை வரைகிறேன் என்று இறங்கினால் மிஞ்சுவது கழுத்து வலிதான். மேசைப் போர் விளையாட்டில் இருக்கிறவர்களில் பெரும்பாலானோர் 28 மில்லிமீட்டர் பொம்மை வைத்துத்தான் ஆடுகிறார்கள். கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1987-ல் கொண்டுவந்த வார்ஹாமர் 40,000 அந்த அளவை உலகம் முழுக்கப் பரப்பிவிட்டது. அதில் ஒவ்வொரு சிப்பாயும் கதாநாயகன். கவசத்தில் கீறல், கன்னத்தில் தழும்பு, கண்ணுக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி. பார்க்க அழகாகத்தான் இருக்கும். எனக்கு ஆளைவிட நிலத்தின் மேல்தான் ஆசை. ஆளைச் சிறிதாக்கினால் நிலம் தானாகப் பெரிதாகிவிடும்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு மேசை, அதன் மேல் செய்து அடுக்கிய நிலம், இரண்டு பக்கமும் படைகள். டேப் வைத்து அளந்து நகர்த்துவோம், பகடை உருட்டிச் சுடுவோம். இன்ன வண்டி இவ்வளவு தூரம் போகும், இன்ன துப்பாக்கி இவ்வளவு தூரம் சுடும் என்று விதிப்புத்தகம் இருக்கும். மேடு, மரம், ஆறு எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு.

6 மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய முந்நூறில் ஒரு பங்கு. 1.8 மீட்டர் மனிதன் 6 மில்லிமீட்டர் ஆகிறான். மேசையில் 1 சென்டிமீட்டர் என்றால் தரையில் 3 மீட்டர். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு நம்மூரை அளந்து பார்த்தால் பொழுது போவதே தெரியாது. கல்லணையின் நீளம் 329 மீட்டர், அதாவது 110 சென்டிமீட்டர். அகலம் 20 மீட்டர், ஏழு சென்டிமீட்டருக்கும் குறைவு. உயரம் 5.4 மீட்டர், இங்கே 1.8 சென்டிமீட்டர். சாப்பாட்டு மேசையில் கல்லணையை முழுசாக வைத்துவிட்டுப் பக்கத்தில் இலை போட்டுச் சாப்பிடலாம். தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானம் 66 மீட்டர். 22 சென்டிமீட்டரில் நின்றுவிடும். இதையே 28 மில்லிமீட்டர் அளவுக்குச் செய்தால் கல்லணை மட்டும் ஏறக்குறைய 17 அடி வரும். கூடத்தைத் தாண்டித் திண்ணைக்குப் போய்விடும்.

இதிலும் ஒரு பொய் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. ஆறடி மேசை என்பது இந்தக் கணக்கில் 550 மீட்டர்தான். நிஜ டாங்கி இரண்டு மூன்று கிலோமீட்டர் தாண்டிச் சுடும். அதனால் எல்லா விளையாட்டிலும் பொம்மைக்கு ஒரு அளவு, தூரத்துக்கு வேறொரு அளவு. 28 மில்லிமீட்டரில் இந்தப் பொய் மூஞ்சியில் அறையும். துப்பாக்கிக் குண்டு நாலு வீடு தாண்டாது. 6 மில்லிமீட்டரில் கண் அதை ஒத்துக்கொள்கிறது.

சின்ன அளவுக்கு நல்ல வம்சாவளியும் உண்டு. 1967-ல் தொடங்கிய அமெரிக்க நிறுவனமான ஜிஎச்க்யூ 1/285 அளவில் டாங்கி வார்த்து விற்றது, இன்னும் விற்கிறது. 1984-ல் பேட்டில்டெக் வந்தது, நடக்கும் ராட்சத ரோபோக்களோடு. 1988-ல் அடெப்டஸ் டைட்டானிகஸ். அந்தப் பெட்டிக்குள் ரோபோக்களோடு தெர்மோகோல் கட்டடங்களும் இருந்தன. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் 1812-ல், ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்யப் பிரபு தன் மன்னருக்கு ஒரு போர் விளையாட்டு மேசை செய்து கொடுத்தார். அதில் நிலம் துண்டு துண்டாக இருந்தது. எடுத்து மாற்றி அடுக்கி வேறு வேறு ஊர் ஆக்கலாம். இருநூறு வருஷம் கழித்து நாங்களும் அதையேதான் செய்கிறோம், சன்போர்டு என்கிற பிளாஸ்டிக் நுரைப் பலகையில்.

என் குறை ஒன்றே ஒன்று. அறிவியல் புனைவு விளையாட்டுகளுக்கென்று விற்கிற நிலங்களைப் பாருங்கள். பாலைவனம், பனிக்காடு, எரிமலைப் பாறை, இடிந்த கோபுரம். அதிகம் போனால் காளான் முளைத்த சதுப்பு. இத்தனை கோடிப் பேர் குடியேறி, இத்தனை படை நடத்துகிற கிரகத்தில் எவன்தான் நெல் விளைவிக்கிறான்? இந்த ராட்சத ரோபோ ஓட்டுகிறவனுக்கு மத்தியானச் சோறு எங்கிருந்து வருகிறது? யாரும் கேட்பதில்லை. போர் நடக்கிற ஒரு கிரகத்திலாவது வாய்க்கால் இருக்க வேண்டாமா?

அதனால் நானே ஒன்று செய்தேன்.

நீடாமங்கலத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஊர் ரயில்வே கேட் மூடினால் ஊரே நிற்கும். அந்த நேரத்தில் கடைக்குள் ஆள் வராது, ஒரு ஸ்குவாடுக்கு, அதாவது ஒரு சிறு படைப்பிரிவுக்கு, பெயின்ட் அடித்துவிடலாம். ஊருக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பு இருக்கிறது, ஆற்றைப் பிரித்துவிடும் மதகு வரிசை. வெண்ணாறு அங்கே வந்து வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய இடம். ஷட்டர் வரிசை, அதன் மேல் நடைபாலம், கீழே நுரைத்துக்கொண்டு ஓடும் தண்ணீர். உலகத்தில் யாராவது ஒரு விண்வெளிப் போருக்குக் களம் தேடினால் நான் முதலில் இங்கேதான் கூட்டிவருவேன். ஒரு சக்கரத்தைத் திருப்பினால் ஒரு தாலுக்கா பச்சையாகும், இன்னொரு தாலுக்கா காயும். இதைவிடப் பெரிய ஆயுதம் எந்த ரோபோ கையில் இருக்கிறது?

என் கிரகத்துக்குத் தனிப்பெயர் வைக்கவில்லை. இரண்டு தரப்பு. தலைப்பைக் கையில் வைத்திருக்கும் கம்பெனிப் படை ஒன்று. வாய்க்காலின் கடைசி முனையில், தண்ணீர் வராமல் நாற்று கருகிக்கொண்டிருக்கும் கடைமடைக் குடியேறிகள் இன்னொன்று. கதை இவ்வளவுதான். டெல்டாவில் பிறந்த எவனுக்கும் இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

நிலத்தை ஓரடிச் சதுரங்களாகச் செய்கிறேன். அடித்தளம் 5 மில்லிமீட்டர் சன்போர்டு. ஃப்ளெக்ஸ் கடையில் வெட்டுத் துண்டு மூட்டையாகக் கிடக்கும். டீ வாங்கிக் கொடுத்தால் போதும். மழைக்கு நனையாது, வளையாது. தெர்மோகோலும் பயன்படுத்துகிறேன், ஆனால் அதன் மேல் ஃபெவிகுவிக்கோ ஸ்ப்ரே பெயின்டோ பட்டால் சர்க்கரையாகக் கரைந்து ஓட்டை விழும். ஃபெவிகால் இரண்டு பூச்சுப் பூசி மூடிய பிறகுதான் ஸ்ப்ரே பக்கம் போக வேண்டும்.

மேடு, கரை, படித்துறை செய்ய நான் கண்டதிலேயே நல்ல பொருள் நெட்டி. தஞ்சாவூர் நெட்டி வேலைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. நெட்டியில் செய்த பெரிய கோயிலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்காதவர்கள் இந்தப் பக்கம் குறைவு. நீர்நிலைகளில் வளரும் செடியின் தண்டுக்குள் இருக்கும் சோறுதான் அது. புது பிளேடு போட்டால் வெண்ணெயில் போகிற மாதிரி வெட்டும். தெர்மோகோல் மாதிரி உருண்டை உருண்டையாக உதிர்ந்து சட்டையில் ஒட்டாது, எந்த ஸ்ப்ரேக்கும் கரையாது. படித்துறைப் படிகளை அரை மில்லிமீட்டருக்கும் சற்று அதிக உயரத்தில் சீவ முடிகிறது; நிஜத்தில் அது 15, 20 சென்டிமீட்டர் படி, சரியாக ஒரு மனிதன் ஏறும் உயரம். ஒரே தொல்லை, தண்ணீர் பட்டால் குடித்து ஊதும். அதற்கும் ஃபெவிகால் பூச்சுதான்.

மண் விஷயத்துக்கு வருவோம். நிலம் செய்கிறவர்கள் பொதுவாக ஆற்றுமணல் தூவுவார்கள். 28 மில்லிமீட்டருக்கு அது சரி. இங்கே அரை மில்லிமீட்டர் மணல் பரல் என்பது 15 சென்டிமீட்டர் கல். வயல் முழுக்கக் கருங்கல் ஜல்லி கொட்டியது போல ஆகிவிடும். வேண்டியது வண்டல். சுவாமிமலையில் சிலை வார்க்கிறவர்கள் மெழுகு உருவத்தின் மேல் முதல் பூச்சாகக் காவிரி வண்டலைத்தான் பூசுகிறார்கள், நகக்கண் வரை உள்வாங்கும் என்பதால். அதே வண்டலைக் காயவைத்து, பொடித்து, பழைய வேட்டித் துணியில் சலித்தெடுக்கிறேன். சலித்ததை வாணலியில் போட்டு வெறுமனே வறுக்க வேண்டும். அதற்குள் இருக்கும் வேரும் பூஞ்சையும் செத்தால்தான் ஐப்பசி மழைக்கு மேசையில் பூசணம் பிடிக்காது. மனைவி அந்த வாணலியை எனக்கே எழுதிக் கொடுத்துவிட்டாள்.

ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து பூசி, வண்டலைத் தூவி, காய்ந்ததும் மறுபடி ஒரு பூச்சு. அதன் மேல் நிறம். சேற்று வயலுக்கு நான் கறுப்புக் கலந்த பழுப்பு அடிப்பதில்லை. பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் மேசை முழுக்க இருண்டுவிடும். தூரத்துப் பொருள் எப்போதும் வெளுத்துத்தான் தெரியும். 6 மில்லிமீட்டர் மனிதனை நாம் பார்ப்பது முந்நூறடிக்கு அப்பாலிருந்து பார்ப்பதற்குச் சமம். அதனால் எல்லா நிறத்திலும் கொஞ்சம் வெள்ளையோ சந்தன நிறமோ கலக்க வேண்டும். டாங்கிக்கும் இதே விதி. இதைச் செய்யாமல் டப்பாவிலிருந்து எடுத்த பச்சையை அப்படியே அடித்தால் பொம்மை பொம்மையாகவே இருக்கும்.

வரப்பு என்பது அரை மீட்டர் உயரம், இங்கே ஏறக்குறைய 1.7 மில்லிமீட்டர். சணல் நூலை ஃபெவிகாலில் தோய்த்துக் கட்டம் கட்டமாக ஒட்டி மேலே வண்டல் தூவினால் வரப்பு. புதிதாக அண்டைவெட்டிய வரப்பு வேண்டுமென்றால் பக்கத்தை ஈரத்தில் பிளேடால் சீவிவிட வேண்டும். நெற்பயிர் 1 மீட்டர், அதாவது 3 மில்லிமீட்டர் சொச்சம். பழைய டர்க்கி டவலை வெட்டி ஒட்டிப் பச்சை அடித்தால் பால் பிடிக்கும் பருவத்துச் சம்பா வந்துவிடுகிறது. அதன் மேல் வெளிர் மஞ்சளை உலர்ந்த பிரஷ்ஷால் தடவினால் தை மாதம். குறுவை நடவு மட்டும் கஷ்டம். பல் துலக்கும் பிரஷ்ஷின் மயிரைக் கத்தரித்து, ட்வீசரில் கொத்துக் கொத்தாக எடுத்து, ஈரப் பசையில் வரிசையாக நட வேண்டும். நடவு ஆளுக்குக் கூலி ஏன் கேட்கிறார்கள் என்பது முதுகுக்குப் புரியும்.

தென்னை மரத்துக்குத் தென்னையேதான். 20 மீட்டர் மரம் இங்கே ஏறக்குறைய 6.7 சென்டிமீட்டர், அடித்தண்டு 1 மில்லிமீட்டர். துடைப்பத்து ஈர்க்குச்சியின் நுனிப் பக்கத்தைக் கிள்ளி எடுத்தால் அளவெடுத்துச் செய்தது போல இருக்கிறது, மேலே போகப் போகத் தானே சிறுக்கவும் செய்கிறது. மட்டைக்கு டிரேசிங் பேப்பர், பச்சை அடித்து, நீள இலையாக வெட்டி, இரண்டு பக்கமும் மயிர் மயிராகக் கத்தரித்தது. ஒரு மரத்துக்கு எட்டு மட்டை போதும். இணையத்தில் விற்கும் பிளாஸ்டிக் தென்னைகள் எல்லாம் கடற்கரை விடுதி விளம்பரத்துத் தென்னைகள், ஒரே மாதிரி வளைந்திருக்கும். நம்மூர்த் தென்னந்தோப்பில் பெரும்பாலும் நேராக நிற்கும், ஒன்றிரண்டுதான் வாய்க்கால் பக்கம் சாயும்.

ஒரு சதுரம் மட்டும் தனி. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியதே, அதற்குப் பிறகு பார்த்த தோப்பு. மரம் எல்லாம் ஒரே திசையில் படுத்திருக்கும். சில வேரோடு, சில பாதியில் முறிந்து. முறிந்த இடத்தைச் செய்ய ஈர்க்குச்சியை வெட்டக் கூடாது. நகத்தால் மடித்து உடைத்தால்தான் நார் நாராகப் பிய்ந்து நிற்கும். அந்தப் பிய்ந்த நுனிக்கு மட்டும் வெளிர் ஆரஞ்சு ஒரு பொட்டு. அதைப் பார்க்கிற ஊர்க்காரர்கள் யாரும் இது எந்தக் கிரகம் என்று கேட்டதில்லை. விளையாட்டில் அந்தச் சதுரத்துக்குள் வண்டி நுழையாது, காலாட்படைக்கு நல்ல மறைவு.

வேற்றுக்கிரகத் தாவரத்துக்கு நான் ஊதா நிறக் காளான் தேடிப் போகவில்லை. வெங்காயத்தாமரை இருக்கிறது. தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் ஆறு குளம் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்ட செடி அது. இதைவிட அன்னியன் யார்? பழைய மெத்தை ஸ்பாஞ்சைத் தண்ணீரோடு மிக்ஸியில் அடித்துப் பிழிந்து, பெயின்டில் பிசைந்து காயவைத்தால் இலைத்தூள். அதில் ஊதாப் புள்ளி சில வைத்தால் பூ. மிக்ஸி ஜார் தனி ஜார், கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்.

தண்ணீரை நீலமாக அடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். ஆடியில் வருகிற புதுத்தண்ணீர் என்ன நிறம்? செம்பழுப்பு. நடு ஆற்றில் கருமை கலந்த பழுப்பு, கரையோரம் வெளிர்மண், இரண்டுக்கும் நடுவே ஈரத்திலேயே பிரஷ்ஷால் இழுத்து மங்கலாக்கிவிட வேண்டும். அது காய்ந்ததும் பளபளப்பு வார்னிஷ் மெல்லிசாகப் பல பூச்சு. ஷட்டருக்குக் கீழே நுரை வேண்டுமென்றால் வெள்ளைப் பெயின்டை உலர்ந்த ஸ்பாஞ்சில் தொட்டுத் தட்டினால் போதும். தண்ணீருக்கு ஃபெவிகாலை ஊற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். கோடையில் கண்ணாடியாகக் காயும், அடைமழையில் பால் மாதிரி வெளுத்துக் கிடக்கும்.

காலநிலை இந்த வேலையில் முக்கால்வாசி. ஐப்பசி, கார்த்திகையில் பிரைமர் (நிறத்துக்கு முந்தைய அடிப்பூச்சு) ஸ்ப்ரே எடுக்கவே கூடாது. காற்றில் இருக்கும் ஈரம் பூச்சின் மேல் படிந்து சாம்பல் பூத்துவிடும். பிறகு எந்த நிறமும் அதில் பிடிக்காது. அந்த மாதங்களில் பிரஷ்ஷால்தான் பிரைமர். ஃபெவிகுவிக்குக்கு மட்டும் அது பொற்காலம், ஈரம் இருந்தால் இன்னும் வேகமாக இறுகும். அக்னி நட்சத்திரத்தில் நேர்மாறு: அக்ரிலிக் பெயின்ட் தட்டிலேயே தோலாகிவிடும். டிபன் டப்பாவில் ஈரத் துணி விரித்து அதன் மேல் பட்டர் பேப்பர் போட்டு அதில் நிறம் கலக்கினால் சாயங்காலம் வரைக்கும் தாங்கும். தை, மாசிதான் எல்லாவற்றுக்கும் நல்ல காலம். அப்போது பார்த்துக் கடையில் வேலை நெட்டிவாங்கும்.

வண்டிகளுக்கு நான் சர்வீஸ் கடைக்காரனாக இருப்பது பெரிய வசதி. செத்த போர்டு கிலோக் கணக்கில் கிடக்கிறது. டைப்-சி ஜாக்கைப் பிடுங்கி எடுத்துப் பாருங்கள். அதன் வாய் 8 மில்லிமீட்டர் சொச்சம் அகலம், 2.5 உயரம். முந்நூறால் பெருக்கினால் இரண்டரை மீட்டர் அகலத்தில் ஒரு மதகுக் கண். ஓரம் உருண்டு, பளபளவென்று, வேற்றுக்கிரகக் கம்பெனிக்காரன் கட்டிய மதகு என்றால் நம்பலாம். வைப்ரேட்டர் மோட்டார் டீசல் டேங்க். ஐசி மேல் இருக்கும் தகட்டு மூடி கிடங்குக் கூரை. என் தலைப்பின் ஷட்டர்கள் எல்லாம் அந்தத் தகட்டில் வெட்டியவைதான். பேட்டரியை மட்டும் தொடாதீர்கள். லித்தியத்தை பிளேடால் வெட்டுகிற ஆளுக்கு விளையாட்டு அதோடு முடிந்துவிடும்.

பாக்கியை அச்சடிக்கிறேன். ரெசின் 3டி பிரிண்டர் திரவப் பிளாஸ்டிக்கை 405 நானோமீட்டர் ஒளியில் அடுக்கடுக்காக இறுகவைக்கிறது. ஒரு அடுக்கு 0.05 மில்லிமீட்டர் என்றால் நிற்கிற சிப்பாய்க்கு 120 அடுக்கு. இழை உருக்கும் சாதாரணப் பிரிண்டரில் 0.2 மில்லிமீட்டர் அடுக்கு, அதே ஆள் 30 அடுக்கில் முடிந்துவிடுவான். துப்பாக்கியும் கையும் ஒரே கட்டியாக இருக்கும். போர்டு கழுவ வைத்திருக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், கடையில் ஏற்கெனவே இருக்கும் யுவி விளக்கு, இரண்டும் இதற்கும் உதவுகிறது. கையுறை கட்டாயம். கழுவிய ஆல்கஹாலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், அது எங்கே போகுமென்று நமக்குத் தெரியும். மூடாத கண்ணாடிப் பாத்திரத்தில், பிள்ளைகள் கைக்கும் நெருப்புக்கும் எட்டாத இடத்தில் வெயிலில் வைத்தால் ரெசின் இறுகி அடியில் தங்கும். அந்தக் கட்டியைத் தனியாகப் பிரித்துக் குப்பையில் போடலாம்.

பெயின்ட் அடிப்பதைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஐஸ்குச்சியில் வரிசையாக ஒட்டிக்கொள்ள வேண்டும். சாம்பல் பிரைமர், உடலுக்கு ஒரு நிறம், பைக்கும் துப்பாக்கிக்கும் ஒன்று, பிறகு மேலிருந்து கீழே வழிய விடும் கரும்பழுப்புக் கரைசல். அக்ரிலிக்கில் தண்ணீர் நிறைய விட்டு, பாத்திரம் தேய்க்கும் லிக்விட் ஒரு சொட்டு விட்டால் பள்ளங்களில் போய்த் தங்கும். காய்ந்ததும் தலையிலும் தோளிலும் உலர்ந்த பிரஷ்ஷால் வெளிர் நிறம். என்னிடம் போர்டு பார்க்கும் மைக்ரோஸ்கோப் இருக்கிறது, அதன் கீழே வைத்து அடிக்கலாமே என்று கேட்பார்கள். அடிக்கலாம். அதில் தெரிகிற அழகு மேசையில் யாருக்கும் தெரியாது. கை நீட்டிப் பிடித்தால் எது தெரிகிறதோ அதை மட்டும் வரைய வேண்டும். கேம்லின், ஃபெவிக்ரில் போதும்; வெள்ளை, மஞ்சள், உலோக நிறம் மூன்றுக்கு மட்டும் வல்லேஹோ மாதிரி மாடல் பெயின்ட் வாங்கினால் காசு வீணில்லை, சாதாரணப் பெயின்டில் இந்த மூன்றுக்கும் பருமன் அதிகம், சின்ன உருவத்தில் கோடு மூடிப்போகும்.

கடைமடைப் படையின் வண்டிகளுக்கு மாதிரி நெல் அறுவடை மிஷின். ஈர வயலுக்கு பெல்ட் வண்டி, காய்ந்த வயலுக்கு டயர் வண்டி என்று இங்கே சின்னப் பையனுக்கும் தெரியும். அந்த அறிவை அப்படியே விதியாக்கினேன். ஈரச் சதுரத்தில் டயர் வண்டி இறங்காது. பெல்ட் வண்டி பாதி வேகம். இரண்டு கால் ரோபோ இறங்கினால் பகடை போட வேண்டும், ஒன்று இரண்டு விழுந்தால் தொளியில் புதைந்தது. பெரிய டாங்கி பெல்ட்டின் பரப்பில் பாரத்தைப் பரப்பிச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ என்று மண்ணை அழுத்துகிறது. 30 டன் ரோபோ ஒன்றரைச் சதுர மீட்டர் பாதத்தில் ஒற்றைக்காலில் நின்றால் 2 கிலோ. நடவுக்கு உழுது விட்ட வயலில் அது நடக்குமா? இடுப்பு வரைக்கும் போகும். ராட்சத ரோபோ ரசிகர்களுக்கு இந்த விதி பிடிக்காது.

தலைப்பைப் பிடித்திருப்பவர் ஒவ்வொரு சுற்றிலும் மூன்று ஆற்றில் ஒன்றைத் திறக்கலாம். தண்ணீர் உடனே வராது. மேட்டூரில் ஜூன் 12 திறந்தால் கல்லணைக்கு வரவே மூன்று நாலு நாளாகும், கடைமடைக்கு இன்னும் எத்தனையோ. அதே போல மேசையில் சுற்றுக்கு ஒரு சதுரம் நகரும். எதிரியின் பெல்ட் வண்டி வரும் வழியை முன்கூட்டியே கணித்து நனைத்து வைப்பதுதான் கம்பெனிப் படையின் கலை. வடிவாய்க்கால் இருக்கும் சதுரம் இரண்டு சுற்றில் வடியும், இல்லாதது ஆட்டம் முடியும் வரை ஊறிக்கிடக்கும்.

பெரியப்பா ஒரு நாள் வந்து பார்த்தார். எண்பதைத் தாண்டியவர், ஆயுசு முழுக்க வயல்தான். ரோபோவையும் டாங்கியையும் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஆற்றின் போக்கை விரலால் தொடர்ந்தார்.

“வடிகா எங்கடா?”

“இந்தா, இப்புடிப் போவுது பெரியப்பா. கோடியில ஆத்துல விழுது.”

“ஷட்டரு யாரு கையில இருக்கு?”

“கம்பெனிக்காரன் கையில.”

“ராத்திரிக்கிக் காவ ஆளு போட்டுருக்கானா?”

போடவில்லை என்றேன். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். முறைத் தண்ணீர் வைத்த காலத்தில் ராத்திரி மடைக்குக் காவல் போன கதையெல்லாம் வந்தது. அரிக்கேன் விளக்கு, மண்வெட்டி, யாரோ ஒருவர் வாழைமட்டையால் மடையை அடைத்துவிட்டு ஓடியது. அதிலிருந்து பிறந்ததுதான் எங்கள் விதியில் ராத்திரிச் சுற்று: அதில் சுட முடியாது, ஆனால் வரப்பு வழியாக ஒரு ஸ்குவாடு ஊர்ந்து போய் மடையை அடைக்கலாம், வெட்டியும் விடலாம். என்னிடம் இருக்கும் எந்த ஆங்கில விதிப்புத்தகத்திலும் இப்படி ஒன்று இல்லை.

போர் இந்தப் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. கரிகாலன் சேரனையும் பாண்டியனையும் வென்ற வெண்ணி, எங்கள் ஊருக்கு அடுத்திருக்கும் கோவில்வெண்ணிதான். அந்தக் களத்தில் தேரும் யானையும் எப்படி நகர்ந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். தை அறுவடைக்குப் பிறகு என்றால் சரி. ஐப்பசியில் என்றால் யானைக்கும் என் பகடை விதிதான்.

என்னோடு ஆடுவது அண்ணன் மகன். திருவாரூரில் காலேஜ் படிக்கிறான், ஞாயிறு வருவான். டிசைன் எல்லாம் அவன்தான், கம்ப்யூட்டரில் வரைந்து தருவான். அவனுக்கும் எனக்கும் இப்போது பஞ்சாயத்து மிதவை டாங்கியைப் பற்றி. காற்றுமெத்தையில் போகிற வண்டி சேற்றில் புதையாது, சரி. ஆனால் ஆற்றங்கரை 3 மீட்டர் உயரம், செங்குத்து. காற்றுமெத்தை வண்டியின் பாவாடை அவ்வளவு உயரத்தைத் தாண்டாது. அதனால் படித்துறை இருக்கும் இடத்தில் மட்டும்தான் கரையேறலாம் என்று எழுதினேன். அவன் விடவில்லை.

“சித்தப்பா, இது காத்துல மெதக்குறது இல்ல. ஆன்ட்டி கிராவிட்டி. ஈர்ப்பு விசையே கெடையாது இதுக்கு.”

“அப்புடி ஒரு மிஷின் கையில இருந்தா எதுக்குடா ஷட்டருக்குச் சண்ட? தண்ணியையே தூக்கிட்டுப் போவலாமே.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். விதியை ஒத்துக்கொண்டான் என்று நினைத்துப் பகடையை எடுத்தேன். மறுவாரம் லேப்டாப்பைத் திறந்து ஒரு வண்டியைக் காட்டினான். அடியில் பெரிய தொட்டி, நாலு மூலையிலும் தூக்கும் எந்திரம், பக்கவாட்டில் உறிஞ்சுகுழாய். கம்பெனியின் நீர்த்தேக்கத்திலிருந்து நேராகக் கடைமடை வயலில் கொண்டுபோய் இறக்குமாம். நீளம் 5 சென்டிமீட்டர், என் தலைப்பின் நடைபாலத்தைவிட உயரமாகப் பறக்க ஒரு கம்பி ஸ்டாண்டு வேறு. படை சேர்க்கும்போது ஒவ்வொரு வண்டிக்கும் புள்ளிக் கணக்கில் ஒரு விலை உண்டு. இதற்கு எத்தனை புள்ளி வைப்பது என்பதில் இப்போது சண்டை; நான் 200 என்கிறேன், அவன் 80-க்கு மேல் ஏறமாட்டேன் என்கிறான், பெரியப்பா ஒரு டேங்கு தண்ணியில எத்தனை மா நிலம் நனையும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.